ராமேஸ்வரம் கரைக்கு எந்தக் காந்தம் வேணும்?

1/
எம்ஆர்ஐ பத்தி எப்போ எழுதினாலும் கீழே ரெண்டு கேள்வி கட்டாயம் வரும். "டாக்டர், கதிர்வீச்சு உண்டா?" "ஏன் சார் இவ்வளவு காசு?" முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: எக்ஸ்ரே, சிடி மாதிரியான கதிர்வீச்சு எம்ஆர்ஐயில் கிடையாது. ரெண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். மெஷினிலேயே விலை அதிகமான பாகமான காந்தத்தில் இருந்து அதைத் தொடங்கணும். ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் இருக்கிறவங்க பொறுமையா கடைசி வரை படிங்க.

2/
என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். சக்திவாய்ந்த காந்தங்களை வடிவமைச்சுச் செய்யும் வேலையை இந்தியா முழுசாகக் கைக்கொள்ளணும். "ஆராய்ச்சிக்கூடத்துக்கு எதுக்கு இத்தனை கோடியில் ஒரு காந்தம்?" என்று கேட்பவர்களும், "ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு மெஷின் வாங்கிக்கலாமே" என்று சொல்பவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. ரெண்டும் ஒரே கைத்தொழில். முதலாவதைக் கற்றுக்கொள்ளாத நாடு, ரெண்டாவதைக் காலத்துக்கும் வாங்கிக்கிட்டேதான் இருக்கும்.

3/
முதலில் ஒரு தெளிவு. எல்லாத்துக்கும் எம்ஆர்ஐ வேண்டியதில்லை. முகம் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்து ஒருவர் வந்தால் முதலில் எடுக்க வேண்டியது சிடி. பக்கத்தில் எங்கே சிடியும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் இருக்கோ அங்கே ஓடணும். "எம்ஆர்ஐ இருக்கிற ஊருக்குப் போறோம்" என்று நேரத்தைக் கடத்தினால் மூளைக்குத்தான் நஷ்டம்.

4/
ஆனா சில நோய்களில் எம்ஆர்ஐ இல்லாமல் கை கட்டிப்போட்ட மாதிரிதான். பல நாளா இடுப்புவலி இருந்த ஒருவருக்குத் திடீர்னு ரெண்டு காலும் மரத்துப்போகுது, சிறுநீர் வரமாட்டேங்குது. தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக்கற்றை நசுங்குகிறது என்று சந்தேகப்படணும். எந்த இடத்தில், எதனால் என்று காட்டுவது எம்ஆர்ஐ. அறுவைச் சிகிச்சை தாமதமானால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க சிறுநீர்க்குழாயோடு இருக்க நேரிடலாம். முதுகெலும்புக் காசநோய், மூளைக்கட்டி, குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் வலிப்பு என்று பட்டியல் நீளும்.

5/
இப்போ வரைபடத்தைப் பாருங்க. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். மதுரை சுமார் 170 கிலோமீட்டர். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது இந்த மாவட்டத்துக்குப் பெரிய விஷயம். ஆனா எந்த ஊரிலும் எம்ஆர்ஐ வாங்கி வைப்பது பாதி வேலைதான். மெஷின் ஒரு வாரம் நின்றுபோனால் சென்னைக்காரர் பக்கத்துத் தெருவுக்குப் போவார். பாம்பன் மீனவர் வேன் பிடிச்சு மதுரைக்குப் போவார். வேன் வாடகை, துணைக்கு வரும் ரெண்டு பேரின் கூலி, கடலுக்குப் போகாத நாட்கள், எல்லாம் ஸ்கேன் பில்லில் வராத செலவு.

6/
சரி, அந்தக் காந்தத்தில் அப்படி என்ன இருக்கு?

திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலம் நம்ம ஊரில் சுமார் 0.00004 டெஸ்லா. டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு, காரைச் சொல்லலை. ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக இருக்கும் எம்ஆர்ஐ 1.5 டெஸ்லா, அதாவது பூமியுடையதைப் போல சுமார் 37,000 மடங்கு. அதுவும் ஒரு ஆள் உள்ளே படுக்கிற அளவு இடம் முழுக்க அந்தப் புலம் இருக்கணும்.

7/
செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி மின்சாரம் பாய்ச்சினால் காந்தம் கிடைக்கும், பள்ளிக்கூடத்தில் ஆணியில் சுற்றிப் பார்த்திருப்பீங்க. ஆனா 1.5 டெஸ்லாவுக்கு அப்படிச் செய்தால் கரண்ட் பில்லும் கட்டுப்படியாகாது, கிளம்பும் சூட்டையும் தணிக்க முடியாது. வழி காட்டியது நெதர்லாந்தின் லைடன் நகரம். அங்கே காமர்லிங் ஓனஸ் 1908-ல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அதன் கொதிநிலை மைனஸ் 269 டிகிரி. 1911-ல் அந்தக் குளிரில் பாதரசத்தின் மின்தடை மறைந்துபோவதைக் கண்டார். இதைத்தான் மீக்கடத்தல் என்கிறோம்.

8/
இன்றைய எம்ஆர்ஐ காந்தத்தில் இருப்பது நயோபியம், டைட்டானியம் கலந்த உலோகக்கலவைக் கம்பி. முடியை விட மெல்லிய இழைகளைச் செம்புக்குள் புதைத்து இழுத்துச் செய்வார்கள். பல கிலோமீட்டர் நீளம் சுற்றி, திரவ ஹீலியத்தில் முக்கி, ஒரு தடவை மின்சாரத்தை ஏற்றி, சுருளின் ரெண்டு முனையையும் இணைச்சு விட்டுருவாங்க. தடையே இல்லாததால் அந்த மின்சாரம் வருஷக்கணக்கில் உள்ளேயே சுற்றிக்கிட்டு இருக்கும். குளிர் மட்டும் குறையாமல் பார்த்துக்கணும்.

9/
அதனால்தான் எம்ஆர்ஐ அறையின் காந்தம் ராத்திரி, ஞாயிறு, கரண்ட் இல்லாத நேரம் என்று எப்பவும் வேலை செய்யுது. 2018 ஜனவரியில் மும்பையின் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன ஒருவர் இறந்துபோனார். மெஷின் சத்தம் போடலைன்னா அணைஞ்சிருக்குன்னு நினைக்காதீங்க. "உள்ளே இரும்பு கொண்டுவராதீங்க" என்று டெக்னீஷியன் சொன்னால் அரைஞாண் கயிற்றில் உள்ள ஊக்கு வரைக்கும் கழற்றிக் கொடுங்க.

10/
கம்பியைச் சுற்றுவதில் என்ன பெரிய வித்தை? அங்கேதான் இருக்கு விஷயம். காந்தப்புலம் தன்னை உண்டாக்கும் சுருளையே வெளிப்பக்கம் தள்ளும். 1.5 டெஸ்லாவில் அந்த அழுத்தம் சுமார் 9 வளிமண்டல அளவு. கடல் கணக்கில் சொன்னால் 90 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் அழுத்தம், நம்ம மீனவர் பாஷையில் சுமார் 50 பாகம். புலம் ரெண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும். 11.7 டெஸ்லாவில் அது 540 வளிமண்டலத்தைத் தொடும். ஏறக்குறைய 3,000 பாகம் ஆழம். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கிறவர் யாரும் கனவிலும் காணாத ஆழம் அது.

11/
அந்த நெருக்கத்தில் கம்பி ஒரு இம்மி நகர்ந்தால்கூட உரசலில் துளிச் சூடு பிறக்கும். அந்த இடம் மீக்கடத்தலை இழக்கும். அங்கே தடை வரும், தடையால் இன்னும் சூடு, சூடு பக்கத்துக் கம்பிக்குப் பரவும். சில நொடிகளில் காந்தம் முழுக்கத் தன் சக்தியைச் சூடாகக் கக்கிவிடும். உள்ளே இருக்கும் திரவ ஹீலியம் கொதிச்சு வாயுவாகி, 700 மடங்குக்கு மேல் விரிஞ்சு குழாய் வழியா வெளியே பீறிடும். இதற்குக் 'குவென்ச்' என்று பெயர். பழைய வகை மெஷினில் ஒரு குவென்ச் ஆனால் ஹீலியம் நிரப்பவே பல லட்சம் ரூபாய். மெஷின் நிற்கும் நாட்கள் தனி.

12/
இத்தோடு முடியலை. படம் தெளிவா வரணும்னா, உடம்பு இருக்கும் இடம் முழுக்கக் காந்தப்புலம் ஒரே சீராக இருக்கணும். வித்தியாசம் பத்து லட்சத்தில் சில பங்குதான் அனுமதி. ஒவ்வொரு சுற்றும் எங்கே உட்காரணும், எந்தப் பிசினால் ஒட்டணும், குளிரில் உலோகம் எவ்வளவு சுருங்கும், எல்லாம் கணக்கு. புத்தகத்தில் இருக்கும் சூத்திரம் போதாது. சுற்றிச் சுற்றி, கெடுத்துக் கெடுத்துக் கற்கும் கைப்பழக்கம் வேணும். உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்தான் மருத்துவமனைக் காந்தம் செய்வதற்கு இதுதான் காரணம். விலைக்கும் இதுதான் காரணம்.

13/
இப்போ சுவாரசியமான இடத்துக்கு வருவோம். அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரியிலிருந்து வரலை.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்பியல் கூடத்தில் ஆய்வுக்கான சக்திவாய்ந்த காந்தங்களைக் கவனித்துக்கொண்டிருந்த பொறியாளர் மார்ட்டின் வுட். மற்ற ஆய்வுக்கூடங்களுக்கும் காந்தம் தேவைப்படுதே என்று 1959-ல் மனைவி ஆட்ரி வுட்டோடு சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். இடம்? வீட்டுத் தோட்டத்துக் கொட்டகை. அப்புறம் கைவிடப்பட்ட ஒரு கசாப்புக்கூடம். 1962-ல் அங்கே மீக்கடத்துக் காந்தம் செய்தார்கள்.

14/
அன்னைக்கு அந்தக் காந்தம் நோயாளிக்குப் பயன்படும்னு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உலோகம் குளிரில் எப்படி நடந்துக்குதுன்னு பார்க்க வாங்கினாங்க. ஆனா 1970களில் லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு போன்றோர் காந்தத்தால் உடம்பைப் படமெடுக்க வழி கண்டபோது, ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய காந்தம் யாரால் செய்ய முடியும்னு தேடினால் அந்த ஆக்ஸ்ஃபோர்டு கம்பெனி தயாராக நின்றது. 1980 வாக்கில் எம்ஆர்ஐக்கு முழு உடல் காந்தம் கொடுத்தது. அந்தப் பரம்பரையில் வந்த காந்தத் தொழிற்சாலை இன்றும் ஆக்ஸ்ஃபோர்டுப் பக்கம் சீமென்ஸ் கையில் இயங்குகிறது.

15/
கம்பியின் கதையும் அப்படித்தான். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் அணுவுக்குள் இருக்கும் துகள்களை ஆராய, டெவட்ரான் என்ற துகள் முடுக்கியைக் கட்டியது. 1983-ல் இயங்கத் தொடங்கியது. அதற்குச் சுமார் ஆயிரம் மீக்கடத்துக் காந்தங்கள் தேவைப்பட்டன. அதுவரை ஆய்வுக்கூடத்தில் கிலோ கணக்கில் செய்த நயோபியம் டைட்டானியம் கம்பியை டன் கணக்கில் செய்ய ஆலைகள் பழகின. அதே காலத்தில்தான் எம்ஆர்ஐ சந்தைக்கு வந்தது. கம்பி தயாராக இருந்தது.

16/
இன்றைக்கு உச்சத்தில் நிற்பது பிரான்ஸில் பாரிஸ் பக்கம் சாக்லே ஆய்வு மையத்தில் உள்ள 'இஸ்யூல்ட்' காந்தம். மனித மூளையைப் படமெடுக்க 11.7 டெஸ்லா. எடை 132 டன். உள்ளே 182 கிலோமீட்டர் மீக்கடத்துக் கம்பி. 7,500 லிட்டர் ஹீலியம், மைனஸ் 271 டிகிரிக்கும் கீழே. 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை. 2019-ல்தான் முழுப் புலத்தைத் தொட்டது. மனித மூளையின் முதல் படங்களை 2024-ல் வெளியிட்டார்கள். நாலு நிமிஷத்தில் 0.2 மில்லிமீட்டர் அளவு நுணுக்கம்.

17/
"அதனால் ராமநாதபுரத்துக்கு என்ன பிரயோஜனம் டாக்டர்?" நியாயமான கேள்வி. 11.7 டெஸ்லா மெஷின் நம்ம மாவட்டத்துக்கு வேண்டாம், எந்த மாவட்டத்துக்கும் வேண்டாம். ஆனா அதைச் செய்த கை, 1.5 டெஸ்லா காந்தத்தைக் குறைந்த ஹீலியத்தில், குறைந்த எடையில், குறைந்த விலையில் செய்யும். கடினமான வேலையைப் பார்த்த கொத்தனாருக்குச் சாதாரணச் சுவர் எளிதாக வருவது மாதிரி. ஆய்வுக் காந்தத்துக்குச் செய்யும் செலவை அந்த ஒரு காந்தத்தோடு கணக்கு முடிக்கக் கூடாது.

18/
இந்தியா ஒண்ணும் வெறுங்கையோடு நிக்கலை. கொல்கத்தாவின் வேரியபிள் எனர்ஜி சைக்ளோட்ரான் மையத்தில் கே-500 மீக்கடத்து சைக்ளோட்ரானின் காந்தம் 2005-லேயே இயக்கப்பட்டது. குஜராத் காந்திநகரில் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தின் எஸ்எஸ்டி-1 கருவியில் மீக்கடத்துச் சுருள்கள் இருக்கு. டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையம் நயோபியம் டைட்டானியம் கம்பியைச் செய்து காட்டியிருக்கு. நம்ம கல்பாக்கத்தில் மூளையும் இதயமும் உண்டாக்கும் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் மீக்கடத்து உணரிகளைச் செய்திருக்காங்க. டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையமான ஐயுஏசி, நயோபிய உறுப்புகளைத் தானே செய்யும் இடம்.

19/
இவ்வளவு இருந்தும், நம்ம ஆஸ்பத்திரிகளில் இருக்கும் எம்ஆர்ஐ மெஷின்களில் பெரும்பாலானவை இறக்குமதி. ஏன்? ஆய்வுக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் பாலம் இல்லை. விஞ்ஞானி ஒரு காந்தம் செய்வார், கட்டுரை எழுதுவார், அடுத்த திட்டத்துக்குப் போவார். பத்தாவது காந்தம், நூறாவது காந்தம் என்று யாரும் செய்யச் சொல்லலை. நூறு தடவை செய்தால்தானே கைப்பழக்கம்?

20/
இப்போதான் ஒரு பாலம் எழும்புது. மத்திய மின்னணுவியல் அமைச்சகத்தின் கீழ் உள்ள சமீர் நிறுவனம் முன்னின்று நடத்தும் உள்நாட்டு எம்ஆர்ஐ திட்டத்தில், 1.5 டெஸ்லா காந்தத்தின் பொறுப்பு டெல்லி ஐயுஏசியிடம். 2025 மார்ச்சில் டெல்லி எய்ம்ஸில் அந்த மெஷினை வைத்துச் சோதிக்க ஒப்பந்தம் போட்டார்கள். தனியார் பக்கம், பெங்களூரின் வோக்சல்கிரிட்ஸ் நிறுவனம் செய்த 1.5 டெஸ்லா ஸ்கேனர் 2023-ல் அறிமுகமானது. அதில் நம்ம ஊர் ஜோஹோவும் முதலீடு செய்திருக்கு. துகள் முடுக்கிக்காகப் பழகிய கை, நோயாளியின் பக்கம் திரும்பியிருக்கு. இதை நான் மனசாரப் பாராட்டுறேன்.

21/
இந்த மாதிரித் திரும்பலுக்கு வழி காட்டியவர் யார் தெரியுமா? நம்ம ராமேஸ்வரத்துக்காரர்தான். பேய்க்கரும்பில் அவர் நினைவிடத்தில் ஏவுகணை மாதிரியோடு படம் எடுத்துக்கிறோம். எனக்கு அதை விடப் பெரிசாகப் படுவது வேறொன்று. போலியோ பாதித்த குழந்தைகள் மூணு கிலோவுக்கும் மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை இழுத்து நடந்தபோது, ஏவுகணைக்காகச் செய்த லேசான கலப்புப் பொருளால் சுமார் 300 கிராமில் காலிப்பர் செய்ய வைத்தார் அப்துல் கலாம். ஹைதராபாத்தில் இதய மருத்துவர் சோமராஜுவோடு சேர்ந்து இதயக் குழாய்க்கான ஸ்டென்டையும் உருவாக்கினார்.

22/
அதில் ஒரு பாடம் இருக்கு. ஏவுகணை ஆராய்ச்சி இல்லாவிட்டால் அந்தப் பொருள் இல்லை. ஆனா ஆராய்ச்சி நடந்தால் மட்டும் காலிப்பர் தானாக வந்துராது. ஒரு எலும்பு மருத்துவர் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்ததை நோயாளிக்குக் கொண்டுபோக ஒருவர் முன்வர வேண்டியிருந்தது. காந்த விஷயத்திலும் இதேதான் நடக்கணும். நாங்க டாக்டர்களும் ஐயுஏசி போன்ற இடங்களுக்குப் போகணும், "எங்க ஊருக்கு இப்படி ஒரு காந்தம் வேணும்" என்று வாய் திறந்து கேட்கணும்.

23/
அப்படிக் கேட்டால் என்ன கேட்போம்? பாம்பன் பாலத்தைப் பாருங்க. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தை உப்புக்காற்று அரிச்ச கதை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், உப்பைத் தாங்கும் விசேஷப் பூச்சும் போட்டிருக்காங்க. மியூனிக்கில் நிற்கும் பாலத்தின் படத்தை அப்படியே கொண்டுவந்து பாம்பனில் கட்டலை. இந்தக் கடலுக்குன்னு யோசிச்சுக் கட்டினாங்க. எம்ஆர்ஐக்கும் அந்த மரியாதை வேணும்.

24/
காரணம் சொல்றேன். காந்தத்தின் குளிரைக் காப்பது ஒரு குளிரூட்டும் கருவி. அதற்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கட்டடத்துக்கு வெளியே, உப்புக்காற்றில் நிற்கும். அது துருப்பிடிச்சு நின்றாலோ, புயல் மழையில் கரண்ட் ரெண்டு நாள் போனாலோ, பழைய வகை மெஷினில் ஹீலியம் கொதிச்சு வெளியேறத் தொடங்கும். இந்த மெஷின்களில் 1,500 லிட்டர் அளவுக்கு ஹீலியம் இருக்கும். நிரப்ப வெளியூரிலிருந்து லாரியும் இன்ஜினியரும் வரணும். நோயாளி வாசலில் பார்க்கும் அட்டை: "மெஷின் ரிப்பேர்."

25/
ஹீலியமும் நம்ம கையில் இல்லை. இந்தியா தன் தேவைக்கு ஏறக்குறைய முழுக்க இறக்குமதியைத்தான் நம்பியிருக்கு. உலகுக்குக் கொடுப்பது அமெரிக்கா, கத்தார் என்று சில நாடுகள். 2017 ஜூனில் அண்டை நாடுகள் கத்தாருக்கு வழியடைச்சபோது அங்கே ஹீலிய ஆலைகள் சில வாரம் மூடப்பட்டன. வளைகுடாவில் யாரோ போடும் சண்டைக்கு, முதுகுவலியோடு வரும் முதுகுளத்தூர்க்காரர் ஏன் விலை கொடுக்கணும்?

26/
தமிழ்நாட்டிலேயே ஹீலியம் கொஞ்சம் இருக்கு. மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலத்தில் ஓஎன்ஜிசி எடுக்கும் இயற்கை வாயுவிலிருந்து அதைப் பிரிக்க, கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்தார் சோதனை அமைப்பு நிறுவியிருக்காங்க. நம்ம வழுதூர் மின்நிலையமும் இயற்கை வாயுவில்தான் ஓடுது. உடனே "ஹீலியத்துக்காகப் புதுக்கிணறு தோண்டலாம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். வயலையும் கடலையும் பத்தி இந்த மாவட்ட விவசாயிகளும் மீனவர்களும் படும் கவலை நியாயமானது. ஏற்கெனவே வெளியே வரும் வாயுவில் என்ன இருக்குன்னு அளந்து பார்க்கலாம், அவ்வளவுதான் சொல்றேன். அதை விட நல்ல வழி, ஹீலியமே அதிகம் கேட்காத காந்தம்.

27/
அப்படிப்பட்டது வந்தாச்சு. ஃபிலிப்ஸ் 2018-ல் கொண்டுவந்த 1.5 டெஸ்லா காந்தத்தில் வெறும் 7 லிட்டர் ஹீலியம், வெல்டு வைத்து மூடியது. சீமென்ஸின் 0.55 டெஸ்லா மெஷினில் ஒரு லிட்டர்கூட இல்லை. குவென்ச் ஆனாலும் ஹீலியம் உள்ளேயே இருக்கும், வெளியேற்றும் பெரிய குழாய் தேவையில்லை. ஒரு குறையும் உண்டு: உள்ளே குளிர்ச்சேமிப்பு குறைவு என்பதால் கரண்ட் நீண்ட நேரம் போனால் சீக்கிரம் சூடேறும். ஆகவே குளிரூட்டிக்கு என்று நம்பகமான ஜெனரேட்டர் ஏற்பாடு வேணும். ஜெனரேட்டர் போட நம்ம ஊரில் ஆள் இருக்காங்க. ஹீலியம் நிரப்பத்தான் ஆள் இல்லை.

28/
இன்னும் கீழே இறங்கியும் யோசிக்கலாம். நிரந்தரக் காந்தத் துண்டுகளை வளையமாக அடுக்கி, ஹீலியமே இல்லாமல் செய்யும் குறைபுல எம்ஆர்ஐ இருக்கு. படம் 1.5 டெஸ்லா அளவுக்குத் தெளிவு இருக்காது. ஆனா குழந்தையின் தலையில் நீர் தேங்கியிருக்கான்னு பார்க்க அது உதவும். லைடன் ஆராய்ச்சியாளர்கள் வடிவமைச்ச அப்படியொரு மெஷினை 2022-ல் உகாண்டாவின் எம்பராரா நகரில் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து பொருத்தினார்கள். உகாண்டாவில் முடியும்னா உச்சிப்புளியில் முடியாதா?

29/
எதிர்வாதங்களைப் பார்த்துடுவோம்.

"முதலில் டாக்டர், நர்ஸ், சிடி கொடுங்க, அப்புறம் காந்தம்." ஒத்துக்கிறேன், அவை முதலில் வேணும். ஆனா ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்த வேண்டியதில்லை. எப்படியும் அரசு எம்ஆர்ஐ வாங்கத்தான் போகுது. எதை வாங்குது என்பதுதான் கேள்வி.

"உள்நாட்டு மெஷின் தரமா இருக்குமா?" சோதிச்சுப் பார்த்துத்தான் சொல்லணும். தேசப்பற்றுக்காகத் தெளிவில்லாத படத்தை நான் ஏத்துக்க மாட்டேன். என் நோயாளியின் தண்டுவடம் பரிசோதனைக்கூடம் இல்லை. மருத்துவச் சோதனையில் தேறி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்ற பிறகுதான் வாங்கணும்.

30/
அப்போ அரசு என்ன செய்யணும்? என் பார்வையில் மூணு.

ஒன்று, வாங்கும் உறுதி. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலில் மற்ற மாநிலங்களுக்கே பாடம் எடுத்த அமைப்பு. அரசு மருத்துவமனைகளின் ஸ்கேன் மையங்களையும் நடத்துது. "இந்தத் தரத்தில் தேறினால் இத்தனை மெஷின் வாங்குவோம்" என்று அது முன்கூட்டியே அறிவிச்சால், செய்கிறவனுக்குத் தைரியம் வரும். முதல் மெஷினுக்குப் பிறகு பத்தாவது மெஷின் பிறக்கும்.

31/
ரெண்டு, டெண்டரில் கரையோர நிபந்தனை. மூடிய காந்தம், உப்பைத் தாங்கும் சில்லர், குளிரூட்டிக்குத் தனி மின் ஏற்பாடு, காந்தத்தை மறுபடி ஏற்றத் தெரிந்த ஆள் மாவட்டத்திலேயே. விலை குறைவு என்று மட்டும் பார்த்து வாங்கினால், நின்றுபோகும் நாட்களின் விலையை நோயாளி கட்டுவார்.

மூன்று, ஆய்வுக் காந்தங்களுக்குத் தொடர்ச்சியான பணம். ஐந்து வருஷத் திட்டம் முடிஞ்சதும் சுற்றத் தெரிந்தவர் வேற வேலைக்குப் போயிட்டால், அந்தக் கைப்பழக்கமும் கூடவே போயிடும். மோட்டார் சுருள் சுற்றுவதில் பேர் வாங்கிய கோயம்புத்தூர் இருக்கும் மாநிலம் இது. அந்தத் தொழிலாளியையும் கல்பாக்கத்து விஞ்ஞானியையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க அரசால் முடியும்.

32/
நீங்க என்ன செய்யலாம்? உங்க ஊரில் எந்த மருத்துவமனையிலாவது எம்ஆர்ஐ திறப்பு விழா நடந்தால், ரிப்பன் வெட்ட வரும் எம்எல்ஏ, எம்பியிடம் மூணே கேள்வி கேளுங்க.

ஹீலியம் எத்தனை லிட்டர், யார் நிரப்புவாங்க?
கரண்ட் போனால் குளிரூட்டி எதில் ஓடும்?
மெஷின் நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், எங்கிருந்து?

பதில் சொல்லத் தடுமாறினால் கோபப்படாதீங்க. எழுதிக் கொடுங்க, அடுத்த கூட்டத்தில் மறுபடி கேளுங்க.

33/
கடைசியா மருத்துவம். உடம்பில் பேஸ்மேக்கர், காக்ளியர் இம்பிளான்ட், பழைய அறுவைச் சிகிச்சைக் கிளிப், கண்ணில் எப்போதோ பட்ட இரும்புத்துகள் இருந்தால் ஸ்கேனுக்கு முன் கட்டாயம் சொல்லுங்க. இடுப்புவலியோடு சிறுநீர் அடைப்போ, தொடை இடுக்கில் மரமரப்போ வந்தால் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அன்னைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓபி முடிச்சுட்டு வந்து பதில் போடறேன். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை நண்பர்கள் உங்க ஊர் குரூப்புகளில் பகிருங்க.